வீட்டில் செய்த ஸ்டெர்லிங் எஞ்சின் ஓட மறுக்கிறது: எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

ஆத்தங்குடிக்காரன்

வணக்கம். அக்கா மகன் பதினோராம் வகுப்பு படிக்கிறான். பள்ளிக் கண்காட்சியில் ஸ்டெர்லிங் எஞ்சின்தான் வைப்பேன் என்று பிடிவாதம். உள்ளே அடைத்த காற்று மாறி மாறிச் சூடாகிக் குளிர்வதில் ஓடும் எஞ்சின் அது. நான் டைல் பட்டறை வைத்திருக்கிறேன், கைவேலை கொஞ்சம் வரும் என்பதால் என்னைப் பிடித்துக்கொண்டான். இருவரும் சேர்ந்து செய்து முடித்துவிட்டோம். ஓடத்தான் மாட்டேன் என்கிறது.

உடம்பு 1 லிட்டர் பெயின்ட் டப்பா. பெயின்ட் படாத புது டப்பா. உள்விட்டம் 10.5 செ.மீ., உயரம் 12 செ.மீ. உள்ளே ஏறி இறங்கி, காற்றைச் சூட்டுப் பக்கமும் குளிர்ப் பக்கமும் மாற்றும் டிஸ்பிளேசர் மெல்லிய தகர டப்பா, விட்டம் 10, உயரம் 8. அதன் தண்டு சைக்கிள் ஸ்போக் கம்பி, மூடியில் போட்ட ஓட்டை வழியாக மேலே வருகிறது. டப்பாவின் மேல்பாகத்தில், பக்கவாட்டில், 2 இஞ்ச் பி.வி.சி. எல்போவை எம்-சீல் போட்டு ஒட்டி, அதன் வாயில் பலூன் கட்டியிருக்கிறோம். அதுதான் சக்கரத்தைத் தள்ளும் பவர் பிஸ்டன். ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க்கும் ஸ்போக் கம்பியில் வளைத்ததுதான். டிஸ்பிளேசருக்கு 12.5 மி.மீ. வளைவு, பலூனுக்கு 15 மி.மீ., இரண்டுக்கும் நடுவே 90 டிகிரி.

ஓட்டம் நிற்காமல் இழுத்துப் போகும் சக்கரமான ஃப்ளைவீல் நான் சிமென்ட்டில் வார்த்தது. கண்ணாடிப் பலகை மேல் பி.வி.சி. வளையத்தை வைத்து, டைல் ஊற்றுகிற மாதிரியே ஊற்றினேன். விட்டம் 15 செ.மீ., கனம் ஒரு செ.மீ. அடிப்பலகைக்கும் எங்கள் டைல்தான்.

கீழே ஸ்பிரிட் விளக்கு. சூடானதும் கையால் சுற்றிவிட்டால் ஒரு சுற்று, மிஞ்சினால் ஒன்றரைச் சுற்று போய் நின்றுவிடுகிறது. பலூன் வெளியே உப்பியபடியே இருக்கிறது. எங்கே தொடங்கலாம் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


பள்ளத்தூர் இன்ஜி

அண்ணே, சூடு பத்தவில்லை என்று நினைக்கிறேன். ஸ்பிரிட் விளக்கை எடுத்துவிட்டு கேஸ் ஸ்டவ்வில் சின்ன பர்னரில் வைத்துப் பாருங்கள். வெப்பம் கூடினால் அழுத்தம் கூடும், தானாகச் சுற்றும்.


லேத்பட்டறை தேவகோட்டை

கேஸ் அடுப்பு வேண்டாம் தம்பி. எம்-சீல் இளகிவிடும், பி.வி.சி. நெளிந்துவிடும். அதைவிட முக்கியமாக, டப்பாவின் அடி மட்டுமா சூடாகும்? தகரம் வழியாகச் சூடு ஏறி மூடியும் கொதிக்கும். இந்த எஞ்சினுக்கு வேண்டியது சூடு இல்லை, கீழுக்கும் மேலுக்கும் உள்ள வித்தியாசம். வித்தியாசம் கூடாமல் தீயை மட்டும் கூட்டினால் டப்பா கெடும், எஞ்சின் ஓடாது.

ஆத்தங்குடித் தம்பிக்கு: இப்போதைக்கு விளக்கை அணைத்து ஓரமாக வையுங்கள். தீ வைப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.

முதலில் பலூனைக் கழற்றிவிடுங்கள். காற்று தாராளமாகப் போய் வரட்டும். இப்போது ஃப்ளைவீலை விரலால் ஒரு தட்டு தட்டினால் எத்தனை சுற்று போகிறது, எப்படி நிற்கிறது என்று பாருங்கள். நாலைந்து சுற்றாவது சிரமமில்லாமல் போக வேண்டும். எப்போதும் ஒரே இடத்தில் வந்து நின்றால் எடை ஒரு பக்கம் இழுக்கிறது என்று அர்த்தம். டிஸ்பிளேசரின் கனம் கிராங்க்கைக் கீழே இழுக்கும், எதிர்ப்பக்கம் ஃப்ளைவீலில் ஒரு நட்டு ஒட்டி ஈடுகட்ட வேண்டும். கண்ட இடத்தில் நின்றால் உராய்வு. கரகரவென்று சத்தம் வந்தால் டிஸ்பிளேசர் டப்பாவின் சுவரில் உரசுகிறது.

அப்புறம் அந்த சிமென்ட் சக்கரம். 15 செ.மீ. விட்டம், ஒரு செ.மீ. கனம் என்றால் கணக்குப்படி 400 கிராமுக்குப் பக்கம் வரும். 2 மி.மீ. ஸ்போக் கம்பி அதைச் சுமந்தால் நடுவில் தொய்யும். தொய்ந்த கம்பி இரண்டு ஓட்டைகளிலும் பிடிக்கும். ஃப்ளைவீல் சக்தியைச் சேர்த்து வைக்கும், உண்டாக்காது. பழைய சி.டி. மூன்றை ஒன்றாக ஒட்டி, விளிம்பில் நாலு நட்டு வைத்தால் இந்த அளவு எஞ்சினுக்குப் போதும். சிமென்ட் சக்கரத்தை நீங்கள் ஆசையாகச் செய்திருப்பீர்கள், தெரியும். அதைக் கண்காட்சி மேசையில் பக்கத்தில் வைக்கலாம்.


ஆத்தங்குடிக்காரன்

அண்ணே, சொன்ன மாதிரி பலூனைக் கழற்றிவிட்டுச் சுற்றினோம். சிமென்ட் சக்கரத்தோடு ஒன்றரைச் சுற்று. சி.டி. மூன்றை ஒட்டி மாட்டியதும் ஆறு ஏழு சுற்று தாராளமாகப் போகிறது. ஒரே இடத்தில் நின்றதால் எதிர்ப்பக்கம் நட்டு ஒட்டினோம், இப்போது கண்ட இடத்தில் நிற்கிறது. டிஸ்பிளேசர் ஒரு பக்கம் லேசாக உரசியது, தண்டு கோணியிருந்தது. கண்ணாடிப் பலகையில் கம்பியை உருட்டிப் பார்த்து, வெளிச்சம் தெரிந்த இடத்தைத் தட்டித் தட்டி நேராக்கினேன். பட்டறையில் கண்ணாடிக்குப் பஞ்சமில்லை.

ஆனால் பலூனைத் திரும்பக் கட்டி விளக்கை ஏற்றினால் அதே கதைதான். இப்போது இரண்டு சுற்று போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.


காரைக்குடி டீச்சர்

உராய்வை முதலில் தீர்த்தது நல்லது. அதைத் தனியாகச் சோதித்ததால்தான் இப்போது அந்தப் பக்கம் சந்தேகமில்லாமல் அடுத்ததற்குப் போக முடிகிறது. அடுத்த சோதனையை நான் சொல்கிறேன். பள்ளியில் எந்த வருடம் பிள்ளைகள் இந்த எஞ்சினைச் செய்தாலும் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

கிராங்க்கைக் கழற்றிவிடுங்கள். டிஸ்பிளேசர் தண்டையும் பலூனையும் ஒன்றோடு ஒன்று சேராமல் தனித்தனியாக விடுங்கள். விளக்கை ஏற்றி, அடி நன்றாகச் சூடாகட்டும். இப்போது மருமகனைத் தண்டைக் கையால் பிடித்து மெதுவாக மேலே தூக்கச் சொல்லுங்கள். டிஸ்பிளேசர் மேலே போனால் காற்று ஓர இடைவெளி வழியாகக் கீழே, சூடான அடிக்கு இறங்கும். பலூன் எழ வேண்டும். தண்டைக் கீழே இறக்கினால் காற்று மேலே, குளிர்ந்த மூடிப் பக்கம் வரும். பலூன் அமுங்க வேண்டும்.

இந்த எஞ்சினின் உயிர் இந்த ஏற்ற இறக்கம்தான். டிஸ்பிளேசர் பெயருக்குத்தான் பிஸ்டன் மாதிரி தெரிகிறது. அது எதையும் அழுத்துவதில்லை, காற்றை இடம் மாற்றி வைக்கிறது. அதே காற்று சூட்டுப் பக்கம் போனால் அழுத்தம் கூடுகிறது, குளிர்ப் பக்கம் வந்தால் குறைகிறது. அந்த வித்தியாசத்தை வேலையாக மாற்றுவது பலூன்.

கையால் செய்யும்போது பலூன் எழும்பி அமுங்கினால் வெப்பப் பக்கம் சரி, கோளாறு கம்பியிலும் கிராங்க்கிலும் இருக்கிறது. கையால் செய்தும் பலூன் அசையாவிட்டால் கிராங்க்கை எத்தனை தடவை வளைத்தாலும் பிரயோசனமில்லை. இன்னொன்றும் கவனியுங்கள்: தண்டை மேலே தூக்கி அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். எழுந்த பலூன் எழுந்தபடி நிற்க வேண்டும். மெதுவாகத் தணிந்தால் எங்கோ கசிகிறது.


ஆத்தங்குடிக்காரன்

டீச்சர், செய்து பார்த்தோம். தண்டைத் தூக்கினால் பலூன் எழுகிறது, கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது. மருமகனுக்கு அதைப் பார்த்ததிலேயே பெரிய சந்தோஷம். ஆனால் பிடித்துக்கொண்டு நின்றால் நாலு எண்ணுவதற்குள் பழையபடி தணிந்துவிடுகிறது.


லேத்பட்டறை தேவகோட்டை

அப்படியானால் லீக். இடத்தைக் கண்டுபிடிப்பது பெரிய வேலை இல்லை. டப்பா ஆறியதும், எல்போவில் பலூனைக் கழற்றிவிட்டு ஒரு சின்ன டியூபைச் செருகி, லேசாக ஊதிப் பிடியுங்கள். பாத்திரம் தேய்க்கிற சோப்பைத் தண்ணீரில் கரைத்து பிரஷ்ஷால் எல்லா இணைப்பிலும் தடவுங்கள். குமிழி வருகிற இடத்தில் மார்க்கர் வையுங்கள். டப்பாவைத் தண்ணீரில் முக்கிப் பார்க்கிற பழக்கம் சிலருக்கு உண்டு, அது வேண்டாம். உள்ளே ஒரு சொட்டு தண்ணீர் போனாலும் சூட்டில் ஆவியாகி பலூனை உப்ப வைத்து அப்படியே நிறுத்திவிடும். முக்கியே ஆக வேண்டும் என்றால் மூடியைத் திறந்து மொட்டை மாடியில் நம் ஊர் வெயிலில் நாள் முழுக்கக் காயவிட்டு எடுங்கள்.

பெயின்ட் டப்பாவில் மூடி உட்காரும் பள்ளம்தான் வழக்கமாகக் கசியும். அடுத்தது தண்டு வெளியே வரும் ஓட்டை. தகரத்தில் ஆணியால் குத்திய ஓட்டை வட்டமாக இருக்காது.

அதற்கு ஒரு வழி. ஸ்போக் கம்பியில் கிரீஸ் தடவி, நேரே நிறுத்தி, ஓட்டையைச் சுற்றி எம்-சீலை ஒன்றரை செ.மீ. உயரத்துக்குக் குமிழாக வையுங்கள். அது இறுகத் தொடங்கும்போது கம்பியை விரலால் திருப்பிக்கொண்டே இருங்கள், ஏற்றி இறக்குங்கள். விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனால் கம்பி உள்ளேயே பிடித்துக்கொள்ளும். முழுக்க இறுகியதும் கிரீஸைத் துடைத்து எடுத்துவிட்டு, 6பி பென்சிலைக் கம்பியில் நன்றாகத் தேயுங்கள். கரித்தூள் படிந்து வழுவழுப்பாகும். தேங்காய் எண்ணெய் போடாதீர்கள், சூட்டில் பிசுபிசுத்துப் பிசின் மாதிரி ஆகிவிடும். எண்ணெய் வேண்டுமென்றால் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி, அதுவும் கிராங்க் ஓட்டைகளுக்கு மட்டும்.


பழம்பொருள் காரைக்குடி

இழையைப் படித்துக்கொண்டு வருகிறேன். எஞ்சின் வேலை எனக்குத் தெரியாது, ஆனால் இந்த வகை எஞ்சினைக் கையில் தொட்டிருக்கிறேன். கரண்ட் வராத வீடுகளுக்கு மண்ணெண்ணெயில் சுற்றும் விசிறிகள் போன நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் விற்றன. அடியில் ஒரு விளக்கு, அதன் மேல் உருளை, உச்சியில் பித்தளை இறக்கை. எண்ணெய் எஞ்சின் மாதிரி வெடிச் சத்தமே கிடையாது. அதுவும் வெப்பக் காற்று எஞ்சின்தான்.

முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு கடைக்கு வந்ததைச் சுத்தம் செய்து கொடுத்தேன். அதில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவுகிறதா பாருங்கள். சூடாகும் உருளை பெரியது. வேலை செய்கிற பிஸ்டன் அதைவிட நன்றாகச் சின்னது. உங்கள் எல்போ 2 இஞ்ச் என்று படித்ததும் அது நினைவுக்கு வந்தது.


ஆத்தங்குடிக்காரன்

பழம்பொருள் ஐயா, நல்ல தகவல். மருமகன் அந்த விசிறியைப் பார்க்க வேண்டும் என்று இப்போதே கிளம்பி நிற்கிறான்.

லீக் வேலை முடிந்தது. லேத் அண்ணன் சொன்ன இரண்டு இடத்திலும் குமிழி வந்தது. மூடிப் பள்ளத்தில் சிலிக்கான் பசை வைத்து ஒரு இரவு விட்டோம். தண்டுக்கு எம்-சீல் குமிழ் செய்து, மருமகன் அரை மணி நேரம் கம்பியைத் திருப்பிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். பென்சில் தேய்த்ததும் கம்பி அதன் எடையிலேயே இறங்குகிறது, குமிழியும் வரவில்லை. டீச்சர் சொன்ன சோதனையில் பலூன் எழுந்தால் எழுந்தபடி நிற்கிறது.

ஆனால் எல்லாவற்றையும் மாட்டி ஓடவிட்டால் இப்போது முன்னைவிட மோசம். சுற்றிவிட்டால் அரைச் சுற்று போகிறது, ஒரு இடத்தில் முட்டிக்கொண்டு பின்னுக்கே திரும்பி வருகிறது. முன்பு இரண்டு சுற்றாவது போயிற்று.


லேத்பட்டறை தேவகோட்டை

தம்பி, இது நல்ல செய்தி. கவலைப்படாதீர்கள்.

முன்பு காற்று ஓட்டை வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது, அதனால் எதிர்ப்பே இல்லை. இப்போது டப்பா அடைத்துவிட்டது. கிராங்க் பலூனை உள்ளே தள்ளும்போது காற்று சுருங்க மறுத்துத் திருப்பி உதைக்கிறது. கசிகிற எஞ்சின் உதைக்காது. உதைக்கிறது என்றால் அழுத்தம் நிற்கிறது, அதைத் தாண்டிப் போக எஞ்சினுக்கு இன்னும் பலம் வரவில்லை.

பலூனை மேளத் தோல் மாதிரி இழுத்துக் கட்டியிருக்கிறீர்களா? அப்படியானால் அதுவும் ஒரு ஸ்பிரிங். ரப்பரை இழுக்கவே பாதிச் சக்தி போய்விடும். தளர்வாக, நடுவில் கொஞ்சம் தொய்வு விட்டுக் கட்டுங்கள். நடுவில் ஒட்டும் அட்டை வட்டம் எல்போ வாயைவிடக் கொஞ்சம் சின்னதாக இருக்கட்டும்.

மிச்சக் கணக்கை டீச்சர்தான் சொல்ல வேண்டும். பழம்பொருள் ஐயா சொன்னது சரியான இடத்தில் கை வைத்திருக்கிறது.


பள்ளத்தூர் இன்ஜி

அண்ணே, நேற்று சாயங்காலம் ஆத்தங்குடிக்கு நேரில் போனேன். என்னிடம் மல்டிமீட்டரோடு சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் கம்பி இருக்கிறது, அதை வைத்து அளந்தோம். விளக்கு வைத்து பத்து நிமிடத்தில் டப்பாவின் அடி 190 டிகிரி, மூடி 72 டிகிரி. மூடி இவ்வளவு ஏறும் என்று எதிர்பார்க்கவில்லை. விளக்கை இன்னும் பெரிதாக்கிப் பார்த்தோம்: அடி ஏறியது, மூடியும் கூடவே ஏறியது. லேத் அண்ணன் சொன்னது அப்படியே நடக்கிறது.


காரைக்குடி டீச்சர்

எண்கள் கிடைத்தது பெரிய உதவி. இனி ஊகம் வேண்டாம்.

உள்ளே எவ்வளவு காற்று இருக்கிறது? டப்பாவின் கொள்ளளவு சுமார் 1,040 சி.சி.; அதில் டிஸ்பிளேசர் 630 சி.சி. இடத்தை அடைக்கிறது. மிச்சம் 410. எல்போவுக்குள் இருப்பதையும் சேர்த்து 450 என்று வைத்துக்கொள்வோம்.

பலூன் எவ்வளவு இடம் நகர்கிறது? 2 இஞ்ச் பைப்பின் உள்விட்டம் 5.8 செ.மீ. அளவு, பரப்பு 26 சதுர செ.மீ. கிராங்க் 15 மி.மீ. என்றால் மொத்த நகர்வு 3 செ.மீ. பெருக்கினால் 78 சி.சி. பலூன் ஓரத்தில் கட்டப்பட்டிருப்பதால் முழுதாக நகராது. மூன்றில் இரண்டு பங்கு என்றால் 50 சி.சி. ஆக, 450 சி.சி. காற்று ஒவ்வொரு சுற்றிலும் 500 சி.சி. வரை விரிந்து சுருங்க வேண்டும். விகிதம் 1.11.

ஸாக்ரெப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஐவோ கோலின், 1980களில் மிகக் குறைந்த வெப்ப வித்தியாசத்தில் ஓடும் ஸ்டெர்லிங் எஞ்சினைச் செய்து காட்டினார். அமெரிக்காவில் ஜேம்ஸ் சென்ஃப்ட் அதை மேலும் நுணுக்கி, கைச்சூட்டிலேயே ஓடும் எஞ்சின்கள் வரை கொண்டுபோனார். கோலின் தந்த ஒரு கணக்கு எல்லா வீட்டு எஞ்சினுக்கும் உதவும்: வெப்ப வித்தியாசத்தை 1,100 ஆல் வகுத்து 1 கூட்டினால் வருவதுதான் எஞ்சின் தாங்கும் விகிதம். அனுபவத்தில் கண்ட தோராயம்தான், ஆனால் நம்பலாம்.

உங்கள் 1.11க்கு அதைத் திருப்பிப் போட்டால் 120 டிகிரி வித்தியாசம் வேண்டும். தகரத்தில் அளந்ததே 190க்கும் 72க்கும் நடுவே 118. காற்று தகரத்தின் சூட்டை முழுதாக வாங்குவதற்குள் அடுத்த பக்கம் போய்விடுகிறது, அதனால் காற்றுக்குள் இருக்கும் வித்தியாசம் இன்னும் குறைவு. எஞ்சின் முட்டிக்கொண்டு திரும்புவதற்குக் காரணம் இதுதான். அதன் மேல் சுமத்தியிருக்கும் பாரம், சூடு தருகிற பலத்தைவிடப் பெரியது.

பலூனின் கிராங்க்கை 15லிருந்து 6 மி.மீ.க்குக் குறையுங்கள். அப்போது நகர்வு 1.2 செ.மீ., கொள்ளளவு சுமார் 21 சி.சி., விகிதம் 1.046. அதற்கு 50 டிகிரி போதும். டிஸ்பிளேசர் கிராங்க்கைத் தொட வேண்டாம், அது 12.5லேயே இருக்கட்டும். பெரிய பலூன், பெரிய வீச்சு என்றால் பலம் கூடும் என்று பிள்ளைகள் நினைப்பது இயல்பு. இந்த எஞ்சினில் முதலில் ஓட வேண்டும். ஓடிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வீச்சைக் கூட்டிப் பார்க்கலாம்.

சுற்றும் திசையையும் பாருங்கள். டிஸ்பிளேசர் உச்சியில் இருக்கும் நொடியில் பலூன் நடுவழியில் வெளியே போய்க்கொண்டிருக்க வேண்டும். அதுதான் சரியான திசை. எதிர்த் திசையில் இந்த எஞ்சின் தானாக ஓடாது. வெளியிலிருந்து மோட்டார் வைத்துச் சுற்றினால் வெப்பத்தைக் குளிர்ப் பக்கத்திலிருந்து சூட்டுப் பக்கத்துக்கு இறைக்கும். ஹாலந்தின் பிலிப்ஸ் நிறுவனம் 1950களில் இதே சுழற்சியைத் திருப்பிப் போட்டுக் காற்றையே திரவமாக்கும் இயந்திரம் செய்தது. கண்காட்சியில் யாராவது கேட்டால் மருமகன் இதைச் சொல்லலாம்.


ஆத்தங்குடிக்காரன்

டீச்சர், ஓடிவிட்டது!

புது கிராங்க் வளைத்தோம். லேத் அண்ணன் சொன்ன மாதிரி பலூனைத் தொய்வாகக் கட்டினோம். முதலில் எந்தப் பக்கம் சுற்றுவது என்று டிஸ்பிளேசரை உச்சியில் நிறுத்தி மருமகன் பார்த்துக்கொண்டான். நாங்கள் இதுவரை சுற்றியதற்கு எதிர்ப்பக்கம்தான் சரியான திசை. ஒரு தட்டுத் தட்டினான், சக்கரம் தயங்கியது, அடுத்த சுற்றில் தயக்கம் போய்விட்டது. அக்கா சமையலை விட்டுவிட்டு ஓடிவந்து பார்த்தார்.

ஆனால் ஐந்து நிமிடம் ஓடுகிறது, மெதுவாகத் தளர்ந்து நின்றுவிடுகிறது. ஆறவிட்டு மறுபடி வைத்தால் மறுபடி ஐந்து நிமிடம். பலூன் கடைசியில் உப்பியபடி நிற்கிறது.


பள்ளத்தூர் இன்ஜி

அண்ணே, மூடி சூடாகிறது. அளந்தோமே, 72. இதைக் குறைத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். கெல்வினில் அடி 463, மூடி 345. எந்த எஞ்சினும் தாண்ட முடியாத கார்னோ எல்லை 25 சதவீதம். மூடியை 38 டிகிரியில் வைத்தால் அதே எல்லை 33 சதவீதம். நம் டப்பா அதில் ஒரு சிறு துளியைத்தான் எட்டும், ஆனால் தீயைத் தொடாமலேயே இவ்வளவு வித்தியாசம் கிடைக்கிறது.

மூடியைச் சுற்றித் தண்ணீர் நிற்க ஒரு தொட்டி கட்டுவோம். தண்ணீர் பாட்டிலில் 3 செ.மீ. உயரத்துக்கு ஒரு வளையம் வெட்டி மூடி மேல் சிலிக்கானால் ஒட்டினால் போதும். தண்டு வரும் எம்-சீல் குமிழ் தண்ணீருக்கு மேலே தலை நீட்ட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்கும். உங்கள் குமிழ் ஒன்றரை செ.மீ. என்றால் தண்ணீரை ஒரு செ.மீ.யோடு நிறுத்துங்கள்.


புதுவயல் மில்

தண்ணீர் விஷயத்தில் ஒன்று. மாடித் தொட்டித் தண்ணீரை மத்தியானத்தில் பிடித்து ஊற்றாதீர்கள். நம் பக்கம் சித்திரை, வைகாசியில் அந்தத் தண்ணீரில் கை வைக்க முடியாது. மண்பானைத் தண்ணீரை எடுங்கள். பானை வெளியே கசிந்து காய்ந்துகொண்டே இருப்பதால் உள்ளே இருப்பது எப்போதும் குளிர்ந்தே இருக்கும். கண்காட்சிக்கும் ஒரு பானையைக் கொண்டுபோய் வையுங்கள். தண்ணீர் சூடானால் துணியால் ஒற்றி எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றலாம்.

மில்லில் டீசல் எஞ்சின் ஓட்டியவன் நான். சூட்டை வெளியேற்றுவதற்குத்தான் அங்கேயும் பாதிப் பாடு. எஞ்சின் என்றால் எல்லோரும் தீயைத்தான் பார்க்கிறார்கள், தண்ணீரை யாரும் பார்ப்பதில்லை.


லேத்பட்டறை தேவகோட்டை

பலூன் உப்பியபடி நிற்பதற்குத் தனியாக ஒரு மருந்து உண்டு. ஆறிய டப்பாவை அடைத்துவிட்டுச் சூடாக்குகிறீர்கள். உள்ளே இருக்கும் மொத்தக் காற்றும் சூடேறி விரிகிறது, பலூன் எப்போதும் வெளிப்பக்கமே தள்ளப்பட்டு நிற்கிறது. உள்ளே வர அதற்கு மனசே வருவதில்லை. எல்போவில் 3 மி.மீ. ஓட்டை போட்டு, ஒரு ஸ்க்ரூவும் சைக்கிள் டியூபில் வெட்டிய வாஷரும் வைத்து பிளக் மாதிரி செய்யுங்கள். விளக்கு வைக்கும்போது பிளக் திறந்திருக்கட்டும். நன்றாகச் சூடேறியதும், பலூனை நடுநிலையில் நிறுத்தி, பிளக்கை மூடுங்கள். இப்போது உள்ளும் வெளியும் சமம், பலூன் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆடும்.


ஆத்தங்குடிக்காரன்

தொட்டி கட்டினோம், பிளக் வைத்தோம். பானைத் தண்ணீர் 28 டிகிரி இருந்தது. ஓடும்போது மூடி 38ஐ ஒட்டியே நிற்கிறது. பள்ளத்தூர் தம்பி மறுபடி வந்து அளந்து கொடுத்தார், அவருக்கு நன்றி. விளக்கில் ஸ்பிரிட் தீரும் வரை எஞ்சின் நிற்கவில்லை. வேகமும் கூடியிருக்கிறது, நட்டு வைத்த சி.டி.யில் நட்டு தனியாகக் கண்ணுக்குத் தெரியவில்லை, வளையமாகத்தான் தெரிகிறது.

மருமகன் இப்போது டிஸ்பிளேசருக்குள் இரும்பு நார் வைக்கலாமா என்று கேட்கிறான். எங்கோ படித்திருக்கிறான்.


காரைக்குடி டீச்சர்

மருமகன் சரியான இடத்துக்கு வந்துவிட்டான். ராபர்ட் ஸ்டெர்லிங் ஸ்காட்லாந்தில் ஒரு பாதிரியார். 1816இல் அவர் வாங்கிய காப்புரிமையின் உயிரே அதுதான். காற்று சூட்டுப் பக்கத்திலிருந்து குளிர்ப் பக்கம் போகும் வழியில் தன் சூட்டை ஒரு வலையில் இறக்கிவைத்துவிட்டுப் போகும். திரும்பி வரும்போது அதையே எடுத்துக்கொண்டு வரும். ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகச் சூடாக்க வேண்டியது குறைகிறது. சுவீடனின் கோட்லாண்ட் வகை நீர்மூழ்கிக் கப்பல்களில் இருக்கும் ஸ்டெர்லிங் எஞ்சின் வரை அந்த யோசனை தொடர்கிறது.

ஆனால் உங்கள் டிஸ்பிளேசர் மூடிய டப்பா. காற்று அதன் உள்ளே போவதில்லை, ஓரமாகத்தான் போகிறது. உள்ளே நார் வைத்தால் எடைதான் கூடும். வேண்டுமானால் இன்னொரு டிஸ்பிளேசர் செய்யுங்கள்: டப்பாவுக்குப் பதில் இரும்பு நாரையே வட்டமாகச் சுருட்டி, மெல்லிய கம்பியால் கட்டி, காற்று அதன் ஊடாகவே போய்வரும்படி. ரொம்ப அடர்த்தியாக அமுக்கினால் காற்று போகச் சிரமப்படும், தளர்வாக விட்டால் பிடிப்பதற்குச் சூடு இருக்காது. பழைய டிஸ்பிளேசரைத் தூக்கிப் போட வேண்டாம். ஓடுகிற எஞ்சின் ஒன்று கையில் இருக்கட்டும், புதியதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். அதுவே கண்காட்சியில் நல்ல விளக்கமாகவும் இருக்கும்.


லேத்பட்டறை தேவகோட்டை

கண்காட்சிக்குப் போகும் முன் இரண்டு விஷயம். ஸ்பிரிட் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. விளக்கு அணைந்துவிட்டது என்று நினைத்துப் பிள்ளைகள் ஸ்பிரிட் ஊற்றப் போனால் கை வெந்துவிடும். மூடி போட்டு அணைத்து, விளக்கு முழுக்க ஆறிய பிறகுதான் ஊற்ற வேண்டும், அதுவும் நீங்கள் பக்கத்தில் இருந்து.

இன்னொன்று பிளக். ஓட்டி முடித்து விளக்கை எடுத்ததும் முதல் வேலையாக அதைத் திறந்துவிடுங்கள். மூடியபடி ஆறவிட்டால் உள்ளே காற்று சுருங்கி, பலூனை எல்போவுக்குள் உறிஞ்சி இழுக்கும். அட்டை வட்டம் பிய்ந்து வரும், சில நேரம் பலூனே கிழியும். உபரியாக நாலைந்து பலூனும் நூலும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.